பிறந்த வீட்டுக் கோடி

தப்பான வீடு என்று தெரிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. தெரிந்து அரை மணி ஆயிருக்கும். பாயில் உட்கார்ந்திருக்கிறேன், இடது பக்கம் ஒரு பருத்த அம்மாளின் தோள், வலது பக்கம் இரும்பு பீரோ, எதிரில் ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் படுத்திருப்பவளுக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பது, ஐம்பத்தொன்று. நான் பார்க்க வந்தது எண்பத்து நாலு வயதுக் கிழவியை. என் வீட்டுக்காரரோடு பாங்கில் வேலை பார்த்த சௌந்தரராஜனின் அம்மா. "நீ போய்த் தலையைக் காட்டிட்டு வந்துடு, எனக்கு முட்டி மடக்க முடியலை" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். உறையூரில் குறுக்குத் தெரு என்றார். மூன்றாவதா நாலாவதா என்று கேட்டேன். "பந்தல் போட்டிருப்பான், பாத்தா தெரியாதா?" பார்த்தேன், தெரிந்தது. பந்தல் இருந்தது, வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன, பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் சாவு வீட்டு முகத்தோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். வேறென்ன அடையாளம் வேண்டும்? யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் விறுவிறுவென்று உள்ளே நுழைந்துவிட்டேன். வழி கேட்பது எனக்குப் பிடிக்காது. கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள், ஐந்தாவது ஆள் நீங்க யாரு என்பான். அடுத்தடுத்த தெருவில் ஒரே நாளில் இரண்டு பேர் சாகக்கூடாது என்று சட்டமா இருக்கிறது, இது என் மண்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் இந்தப் பருத்த அம்மாளால் வந்தது. நான் படி தாண்டியதும் என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். சாவு வீட்டில் பெண்கள் அப்படித்தான் நீட்டுவார்கள். நாம் போய்க் குனிந்து உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்ட அழ வேண்டும், யார் என்ன என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். எனக்கு அது ஆகவே ஆகாது. கதவோரமாகக் கையைக் கட்டி, பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் நிற்பது போல் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்புகிறவள் நான். கான்வென்ட்டில் இரண்டு பெண்கள் கை கோத்து நடந்தால் சிஸ்டர் பெர்னதெத் ஸ்கேலோடு வருவாள். தனியாக நடக்கத்தானே ஆளுக்கு இரண்டு கால், அப்புறம் என்ன என்பாள். அழுகை வந்தால் பாத்ரூமில் அழ வேண்டும், கர்சீப்பில் அழ வேண்டும், மூக்குச் சத்தம் வராமல் அழ வேண்டும். பன்னிரண்டு வருஷம் பிழையில்லாமல் கற்றுக்கொண்டது. இன்றைக்கு முட்டி தானாக மடங்கிவிட்டது. அந்த அம்மாளின் கை முதுகில் விழுந்தது. கையா அது, அம்மிக்கல். அப்படியே என்னை இழுத்துத் தன் மேல் சாத்திக்கொண்டாள். வியர்வை, வெற்றிலை, தலையில் நேற்று வைத்து வாடின மல்லிகை. இன்னும் இரண்டு மூன்று பேர் மேலே கவிந்தார்கள். யாருடைய கன்னமோ ஈரமாக என் கன்னத்தில் ஒட்டியது. ஒரு மனுஷி என்னைக் கடைசியாகத் தொட்டது எப்போது என்று அந்தக் குவியலுக்குள் இருந்துகொண்டு யோசித்தேன், புத்தி போகிற போக்கைப் பாருங்கள். போன மாசம் துணிக்கடை வாசலில் திரைக்குப் பின்னால் சோதனை போட்ட காக்கிப் புடவைப் பெண், இடுப்பில் தட்டி, "போலாம் மேடம்" என்றாள். அதற்கு முன்னால் கோயில் வாசல் வளையல்காரி. நான் கண்ணாடி வளையல் போடுகிறவளே இல்லை. ஆனாலும் மாசம் ஒருமுறை போய் அவள் முன்னால் கையை நீட்டுவேன். அவள் என் விரல்களைக் குவித்துப் பிடித்து, அமுக்கி அமுக்கி, "கையைத் தளர்த்தும்மா, எலும்பா இருக்கு" என்று வளையலை ஏற்றுவாள். வீட்டுக்கு வந்து கழற்றி வைத்துவிடுவேன். அலமாரியில் எட்டு டஜன் கிடக்கிறது. மகன் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "என்னம்மா, கடை போடப் போறியா?" என்றான். இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. அழுகையென்று சொல்ல முடியாது. மாடு கத்துகிற மாதிரி ஒன்று. நிறுத்தத் தெரியவில்லை. மற்றவர்கள் ஓய்ந்து மூக்கைச் சிந்தியாயிற்று, நான் மட்டும் கத்திக்கொண்டிருக்கிறேன். "அழுவாத தாயி, அழுவாத, போனவ வரவா போறா" என்று பருத்த அம்மாள் என் முதுகைத் தட்டிக்கொண்டேயிருந்தாள். தட்டுவதை நிறுத்திவிடுவாளோ என்று பயந்துதான் இன்னும் கொஞ்சம் அழுதேன். உண்மையைச் சொல்ல இங்கே யாருக்கு என்ன வெட்கம்.

முகத்தைத் துடைத்து நிமிர்ந்தபோதுதான் பெட்டியைப் பார்த்தேன். மஞ்சள் பூசின முகம், பெரிய குங்குமப் பொட்டு, மூக்கில் பஞ்சு. எண்பத்து நாலு எங்கே, இது எங்கே. எழுந்து போயிருக்க வேண்டும். அடுத்த தெருவில் சௌந்தரராஜன் நிற்பான், கையைக் கட்டி இரண்டு நிமிஷம், முடிந்தது, வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்து ரசம் வைத்திருக்கலாம். வீட்டில் என்ன இருக்கிறது? ரசம் இருக்கும். அவர் இருப்பார். சாப்பிட வாங்க என்றால் ம், உப்பு சரியா என்றால் ம், நான் செத்துட்டேன் என்று சொல்லிப் பார்க்க வேண்டும் ஒருநாள், அதற்கும் ம்தான். இந்த ஐஸ் பெட்டியும் அப்படித்தான் ம்ம்ம் என்று ஓடிக்கொண்டிருக்கிறது, இதுவாவது விட்டு விட்டு ஓடுகிறது. சரி, அவரை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம், என் வாய்க்கு யார் பக்கத்தில் வருவார்கள். யோகா வகுப்பில் சேர்ந்தேன், மூன்றாவது நாள் டீச்சரம்மாவின் தொப்பையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள், மறுநாளிலிருந்து என் பாய்க்குப் பக்கத்தில் யாரும் பாய் விரிக்கவில்லை. பதினோரு வருஷம் பாத்திரம் தேய்த்த முனியம்மா, "ஒங்க கிட்ட கூலி வாங்கலாங்க்கா, பேச்சு வாங்க முடியல" என்று சொல்லிவிட்டு வேலையை விட்டு நின்றுகொண்டாள். என் கூடப்பிறந்த அண்ணன், ஒரே அண்ணன், திருப்பூரில் இருக்கிறான். மருமகளுக்கு வளைகாப்பு வைத்தான், சம்பந்தி வீட்டார் நாற்பது பேர் பந்தியில், நான் இலையில் விழுந்ததைப் பார்த்து, "இது சாம்பாரா, கை கழுவ ஊத்தினதா?" என்றேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். சாம்பார் அப்படித்தான் இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஒன்பது வருஷம் ஆகிறது. அண்ணி போனை எடுக்கவில்லை, அண்ணன் எடுத்து "அப்புறம் கூப்பிடுறேன்" என்றான், அந்த அப்புறம் வரவேயில்லை. இரண்டாவது தடவை கூப்பிட எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளவேயில்லை.

"மணி பன்னெண்டரை ஆச்சு" என்று வாசலிலிருந்து யாரோ ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "ரெண்டரைக்குக் கரண்டு சுடுகாட்டுல நேரம் குடுத்திருக்கான். இன்னும் என்னாத்துக்குப் பாக்கறீங்க?" பருத்த அம்மாள் என் தோளிலிருந்து கையை எடுக்காமலே திருப்பிக் கத்தினாள். "பொறந்த வூட்டுக் கோடி வராம எப்படி மாமா எடுக்கறது? அனாதையா அவ? பூவோட பொட்டோட போறா." பெரியவர் விடவில்லை. "இருவத்தேழு வருசமா வராதவங்க இன்னிக்கி வந்துருவாங்களாக்கும். வேற சாதிக்காரனைக் கட்டிக்கிட்டு வந்தவளுக்குக் கோடி ஒரு கேடா, போ தனபாக்கியம்." தனபாக்கியம் என்பது இவள் பெயர், செத்தவளின் நாத்தனார், செத்தவள் பெயர் கஸ்தூரி, இதெல்லாம் அரை மணியில் காதில் விழுந்தவை. "வாயைக் கழுவுங்க மாமா. புடவையை நானே எடுத்து வச்சிருக்கேன். போட ஒரு கை வேணும், அவ ரத்தத்துல ஒரு கை. ஒரு மணி வரைக்கும் பாப்பேன், அப்புறம் நடக்கறது நடக்கட்டும்." எனக்கு யார் வருவார்கள்? அண்ணனுக்கு இவர் போன் பண்ணுவார், அண்ணன் அப்புறம் கூப்பிடுறேன் என்பான். பெட்டியில் நான் படுத்திருக்கிறேன், மூக்கில் பஞ்சு, இவர் பக்கத்தில் நாற்காலியில் போன் பார்த்துக்கொண்டிருக்கிறார், கோடி போட ஆளில்லை, எங்கள் அடுக்குமாடியில் லிப்டுக்குள் பெட்டி நுழையுமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. நீட்டின கைக்குள் போய் விழ யாரும் வரப்போவதில்லை, நீட்டுவதற்கும் ஒருத்தி இல்லை. அப்போதுதான் கவனித்தேன், எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிற எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தனியாக வந்தவள், யாருக்கும் தெரியாதவள், மூக்குக்கண்ணாடியும் கஞ்சி போட்ட காட்டன் புடவையுமாக வந்து இந்த வீட்டுப் பெண்களைவிடச் சத்தமாக அழுதவள். ஒருத்தி இன்னொருத்தியின் காதில் என்னவோ சொன்னாள். இப்போது எழுந்துவிடு என்று எனக்கு நானே இங்கிலீஷில் சொல்லிக்கொண்டேன், கண்டிப்பான விஷயங்களை நான் அதில்தான் சொல்லிக்கொள்வது. கால் மரத்துப்போயிருந்தது.

ஒரு பெண் பேப்பர் கப்பில் டீ கொண்டுவந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து இருக்கும், நைட்டிக்கு மேல் துண்டு, தலை பின்னவில்லை. இவ்வளவு நேரமும் அழாமல் பெட்டியின் ஒயரைச் சரிபார்த்துக்கொண்டும், ஊதுவத்தி மாற்றிக்கொண்டும் அலைந்தவள். செத்தவளின் மகள், இலக்கியா என்று கூப்பிட்டார்கள். டீயை என் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் எதிரிலேயே குந்தி உட்கார்ந்தாள். கப்பைப் பிடித்திருந்த என் விரல்களையே பார்த்தாள். "அம்மாவுக்கும் இப்படித்தான், சுண்டுவிரல் வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கும்" என்றாள், மெதுவாக. வளைந்தா இருக்கிறது? ஐம்பது வருஷமாக என்னோடிருக்கிற விரல், நானே பார்த்ததில்லை. ஏதாவது சொல்ல வேண்டும், இல்லம்மா, நான் சௌந்தரராஜன் அம்மாவைப் பார்க்க வந்தவள், தெரு மாறிவிட்டது, மன்னித்துக்கொள். எவ்வளவு சுலபமான மூன்று வாக்கியம். அவள் அதற்குள் என் முழங்காலில் கையை வைத்தாள். "அம்மாவுக்கு ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. போட்டோகூட இல்லை எங்ககிட்ட. நீங்க பெரியம்மாவா, சித்தியா?" நீங்கள் யார் என்று கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவள் அப்படிக் கேட்கவில்லையே. பெட்டியில் படுத்திருப்பவளைப் பார்த்தேன், அவளுக்கு மூத்தவளாகவா தெரிகிறேன் என்று ஒரு கோபம் வந்தது, அந்த நேரத்தில், சாவு வீட்டில், கையில் டீயோடு. "சித்தி" என்றேன்.

அப்புறம்தான் அவள் அழுதாள். காலையிலிருந்து அழாமல் வைத்திருந்ததையெல்லாம் என் மடியில் கொட்டினாள். டீ புடவையெல்லாம் சிந்தியது. "ஒவ்வொரு தீவாளிக்கும் ரெண்டு புடவை ஜாஸ்தி எடுப்பாங்க சித்தி. அக்காவுக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணுன்னு. பொங்கல் வரைக்கும் வச்சிருந்து பாத்துட்டு அத்தைங்களுக்குக் குடுத்துடுவாங்க. தங்கச்சிக்கு நீலம்தான் புடிக்கும்பாங்க." எனக்கு நீலம் பிடிக்காது. தலையைத் தடவினேன். மகன் தலையைத் தடவி எத்தனை வருஷம் இருக்கும், அவன் தலையைக் கொடுப்பதில்லை, ஜெல் கலைந்துவிடும். இவள் தலை சூடாக இருந்தது, சிக்கு விழுந்திருந்தது. விரலால் சிக்கை எடுக்க ஆரம்பித்தேன், எடுத்துக்கொண்டேயிருக்கலாம் போலிருந்தது. "போய்த் தாம்பாளம் எடுத்தா ஆயி, மஞ்சள் குங்குமம் வச்சு" என்று தனபாக்கியம் அவளை எழுப்பி அனுப்பினாள். அனுப்பிவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல் ஒரு பார்வை. "ஒங்கப்பா நல்லாருக்காரா?" என்றாள். "ம்" என்றேன். என் வீட்டுக்காரரின் ம். அவள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். "அவரு போயி எட்டு வருசம் ஆச்சு. எங்களுக்கே சேதி வந்துச்சு." பெட்டி ஓடுவது நின்று அமைதியாக இருந்தது. கத்துவாள், கூட்டம் கூடும், போலீஸ்காரர்கூட வரலாம், பாங்கு மேனேஜர் பெண்டாட்டி சாவு வீட்டில் பொய் சொல்லி நுழைந்தாள் என்பார்கள். அவள் கத்தவில்லை. தன் முந்தானையை எடுத்து என் கையில் திணித்தாள். "மூஞ்சியத் தொடை. புள்ள வர்றதுக்குள்ள எந்திரி. அவளுக்குக் கண்ணு முன்னால ஒரு கை கோடி போட்டாப் போதும், யாரு கையா இருந்தா என்ன."

போட்டேன். நீலப் புடவை. பெட்டியின் மூடியைத் தூக்கியபோது குளிர் என் வயிற்றில் அடித்தது. கஸ்தூரி, உனக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், நீ யாரோ நான் யாரோ, உன் தங்கச்சி எந்த ஊரில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ. கழுத்து வரைக்கும் போர்த்தி, மடிப்பைச் சரி செய்தேன், நெற்றியில் குங்குமம் வைத்தேன், கன்னத்தில் கை பட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால் பாக்கெட். வாசலில் அவள் புருஷன், ஒல்லியான மனுஷன், என்னைப் பார்த்துக் கும்பிட்டான், இருபத்தேழு வருஷக் கும்பிடு. நான் திருப்பிக் கும்பிடவில்லை, கை வரவில்லை. அதையும் பிறந்த வீட்டின் வீம்பு என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். தூக்கினார்கள். பெண்கள் தெருமுனை வரை ஓடி, அழுது, திரும்பினார்கள், வீட்டைக் கழுவத் தண்ணீர் பிடித்தார்கள். தனபாக்கியம் என்னைக் குழாயடிக்குப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். "யாரு எவருன்னு கேக்க மாட்டேன். மொத நிமிசமே தெரியும், சாவுக்கு அழுவற அழுவையா அது. இங்க பாரு, பதினாறாம் நாளு வா. பொய்யாவே வா. அந்தப் புள்ளைக்கும் யாருமில்ல, ஒனக்கும்..." என்றவள், மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட மிச்சம்தான் என் காதில் கொதித்தது. தெரிந்துவிட்டது இவளுக்கு. முதல் நிமிஷமே தெரிந்துவிட்டதாம். நான் பிச்சைக்கு வந்தவள் என்று தெரிந்தேதான் முதுகைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வெற்றிலை போட்டுக்கொண்டு, குழாயடியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு நாற்றம் பிடித்த, நான் வாசலில் நிற்க வைத்துப் பேசுகிற மாதிரி ஒரு பொம்பளை, எனக்குப் பாவம் பார்க்கிறாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அவளை ஒரே வார்த்தையில் சுருட்டிப் போடுகிற மாதிரி ஒன்று. விழுங்கினேன். அதற்குள் இலக்கியா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனோடு வந்துவிட்டாள். "நம்பர் சொல்லுங்க சித்தி. பதினாறுக்கு நானே கூப்பிடுறேன்."

சொன்னேன். முதல் ஒன்பது எண்ணையும் சரியாகத்தான் சொன்னேன். கடைசி எண் ஏழு. வாய் ஒன்று என்றது. யோசித்துச் சொல்லவில்லை, யோசிக்காமலும் சொல்லவில்லை. தனபாக்கியம் வாளியை வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். இலக்கியா ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிப் படித்துக் காட்டினாள். "கடைசி ஒண்ணுதானே சித்தி?" ஒன்றுதான் என்றேன். அடித்துப் பார்க்கவில்லை, அப்படியே சேமித்துக்கொண்டாள், நம்பிக்கையோடு. சாவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது, அது நல்லதாகப் போயிற்று, ஒன்றும் சொல்லாமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது தெருமுனையில் நிற்கிறேன், புடவையில் டீக் கறை, வெயில் கண்ணைக் குத்துகிறது. பதினாறாம் நாள் அவள் கூப்பிடுவாள். எங்கேயோ ஒருத்தன், லாரி ஓட்டிக்கொண்டோ முடி வெட்டிக்கொண்டோ, ராங் நம்பர் என்பான். என்னைப் போல் ஒரு தடவையோடு விட்டுவிடுகிற பெண் இல்லை அவள், மறுபடி கூப்பிடுவாள். அத்தையிடம் காட்டுவாள். தனபாக்கியம் சொல்ல மாட்டாள், அவள் வாயிலிருந்து ஒன்றும் வராது, எனக்குத் தெரியும். கடைசியில் அந்தப் பெண் தான்தான் அவசரத்தில் தப்பாக அடித்துவிட்டேன் என்று முடிவு செய்வாள். இருபத்தேழு வருஷம் கழித்து வந்த சித்தியைத் தன் கையாலேயே தொலைத்துவிட்டேன் என்று, ஒன்றுக்குப் பதில் ஏழு போட்டுப் பார்க்கத் தோன்றாமல், தன்னையே திட்டிக்கொண்டு வருஷக்கணக்காக இருப்பாள். திரும்பிப் போய் ஒரே ஓர் எண்ணைச் சொன்னால் போதும். நூறு அடிகூட இருக்காது, வாசல் கழுவின தண்ணீர் இங்கே வரைக்கும் ஓடி வந்திருக்கிறது. ஆட்டோ ஒன்று வருகிறது. கை காட்டுகிறேன்.